பழைய வீட்டுக் கணினி ஊர்கிறதா? ஹார்ட் டிஸ்க்கை அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வெருலத்திலோ ஒரு வீட்டில் பழைய கணினி மந்தமாகிவிட்டால் உடனே இரண்டு காரியங்கள் நடக்கும். ஒருவர் "கணினியை வேகமாக்கும்" மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி நிறுவுவார். இன்னொருவர் டிஃப்ராக் செய்தால், அதாவது டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்த்தால், சரியாகிவிடும் என்பார். இரண்டுமே அந்த நேரத்தில் வேண்டாத வேலை. மந்தம் என்பது வெளியே தெரியும் குறி மட்டும்தான். உள்ளே டிஸ்க் சாகக் கிடக்கலாம், நல்ல டிஸ்க் வேலைப் பளுவில் திணறலாம், கேபிளோ அமைப்போ அதைக் கட்டிப்போட்டிருக்கலாம். எது என்று தெரியாமல் கொடுக்கும் வைத்தியம், முதல் வகை டிஸ்க்கைக் கொன்றே விடும். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம்: முதலில் நகல், பிறகு நோட்டம், கடைசியில்தான் பழுது பார்ப்பது.

எதையும் தொடுவதற்கு முன்

வேறெங்கும் இல்லாதவற்றை மட்டும் முதலில் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். காவடிப் படங்களையும், மறைந்துபோன ஆயாவின் குரல் பதிவையும், கோயில் குழுவின் கணக்குகளையும் எங்கிருந்து நிறுவுவது? 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர், கப்பல் பட்டியலிலிருந்து தேடி எடுத்த கொள்ளுத் தாத்தாவின் பதிவை ஸ்கேன் செய்து, இப்படிப்பட்ட ஒரு கணினியில்தான் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வேறு பிரதி இருக்காது. அதிலிருந்து தொடங்குங்கள். திரைப்படங்களும் பாடல்களும் கடைசி.

நகலெடுக்கும்போதே டிஸ்க் ஒரு கோப்பில் நின்றுவிட்டால், அந்தக் கோப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மல்லுக்கு நிற்க வேண்டாம். அப்படி நிற்பதே ஒரு தகவல்தான். அதைப் பற்றிக் கீழே பார்ப்போம்.

அடுத்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைப் படிக்க வேண்டும். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஜிஸ்மார்ட்கண்ட்ரோல், இரண்டும் இலவசம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நீலம் காட்டினால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. நிறத்தோடு நின்றுவிடாதீர்கள். நான்கு வரிகளைத் தேடிப் பிடியுங்கள்.

செக்டர் என்பது டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு. 05 என்ற வரி, கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். சி6, முழுச் சோதனையிலும் மீட்க முடியாதவை. சி7, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்த தடவைகள். கடைசி எண் மற்ற மூன்றைப் போன்றதல்ல. அது பெரும்பாலும் கேபிளின் குற்றம், டிஸ்க்கின் குற்றமல்ல. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த மதிப்புகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே 10 என்றிருந்தால் உண்மையில் 16. சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 ஆகிய வரிகள் கோடிக்கணக்கில் காட்டுவது வழக்கம். அதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு; பதற வேண்டியதில்லை.

அறிகுறி: இடையிடையே எல்லாமே உறைகிறது, டிக் டிக் என்று சத்தம் வருகிறது

இதுதான் உயிருக்கு ஆபத்தான அறிகுறி. சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி திடீரென்று பத்து வினாடி, இருபது வினாடி உறைந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும். குறிப்பிட்ட ஒரு கோப்புறையைத் திறக்கும்போதே இது நடக்கும்.

காரணம் எளிது. வீட்டு உபயோக டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் உடனே கைவிடாது. உள்ளே தரவைத் தாங்கும் தட்டு சுற்றச் சுற்ற மறுபடி மறுபடி முயலும். அந்த நேரம் முழுவதும் மற்ற எல்லா வேண்டுகோள்களும் வரிசையில் நிற்கும். விண்டோஸ் அதே டிஸ்க்கில் இருந்தால் மவுஸ்கூட நின்றுவிடும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'விண்டோஸ் லாக்ஸ்' பிரிவில் 'சிஸ்டம்' பட்டியலைத் திறந்து, 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து 7 அல்லது 153 என்ற எண்ணில் பதிவுகள் இருக்கின்றனவா பாருங்கள். 7 என்றால் கெட்ட பகுதி. 153 என்றால் ஒரு வேண்டுகோளைத் திரும்ப அனுப்ப நேர்ந்திருக்கிறது. இவற்றோடு சி5 பூஜ்யத்தைத் தாண்டியும் இருந்தால் சந்தேகம் வேண்டாம். 05 ஓரிரு எண்களில் பல மாதம் அசையாமல் நின்றால் டிஸ்க் இன்னும் கொஞ்ச காலம் ஓடலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் ஓடாது.

இந்த நிலையில் செய்யக்கூடாதவை: டிஃப்ராக் கூடாது, ஏனென்றால் அது டிஸ்க் முழுவதையும் படித்து மாற்றி எழுதும். கெட்ட செக்டர்களைத் தேடும் முழு செக்டிஸ்க் சோதனையும் கூடாது. அதன் அக்கறை கோப்பு அமைப்பைச் சீராக்குவதில்தான், உங்கள் படங்களில் அல்ல. படிக்க முடியாத இடத்தை ஒதுக்கிவிட்டு, கோப்பின் துண்டை இழந்தும் "சரிசெய்தேன்" என்று சொல்லும். டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரீசரில் வைக்கச் சொல்லும் பழைய யோசனையை டர்பனின் ஈரக் காற்றில் எவரும் முயலவே கூடாது. வெளியே எடுத்த நிமிடமே உள்ளும் புறமும் நீர் கோத்துவிடும்.

செய்ய வேண்டியது: கணினியை அணைத்து, லினக்ஸ் உள்ள யுஎஸ்பி பென் டிரைவிலிருந்து இயக்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் அதே அளவோ பெரிதோ ஆன இன்னொன்றுக்கு நகலெடுப்பது. அது முதல் சுற்றில் நல்ல பகுதிகளை எல்லாம் விரைவாக எடுத்துவிடும். கெட்ட பகுதிகளுக்குப் பிறகுதான் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்பதை வரைபடக் கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் நாட்டுக்கென்றே செய்ததுபோல ஒரு வசதி. அந்த வரைபடக் கோப்பை மூன்றாவது ஒரு டிஸ்க்கில் வையுங்கள். நினைவகத்திலிருந்தே ஓடும் லினக்ஸில் விட்டுவைத்தால் மின்சாரத்தோடு அதுவும் போய்விடும். கட்டளையில் மூல டிஸ்க் முதலில், சேருமிடம் இரண்டாவது. மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்படும். எழுதுமுன் டிஸ்க்கின் அளவையும் வரிசை எண்ணையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சத்தம் ஒரே சீராக, கணீர் கணீரென்று, கணினிக்கு டிஸ்க் தெரியாமலேயே வருகிறதென்றால், தட்டைப் படித்து எழுதும் தலைப்பகுதி போயிருக்கலாம். உடனே அணையுங்கள். அதற்கப்புறம் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டலாம். அந்தத் தரவு உண்மையிலேயே வேண்டுமென்றால் தூசியற்ற அறை உள்ள மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டும், செலவு அதிகம். எத்தனை படங்களுக்கு எத்தனை ரேண்ட் என்பதைக் குடும்பம் உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

அறிகுறி: மின்சாரம் போய் வந்ததிலிருந்தே மந்தம்

லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு தென்னாப்பிரிக்கக் கணினிகளுக்கு என்ன செய்தது என்பதைத் தனியாகவே எழுதலாம். 2023 அதன் உச்சம். 2024 மார்ச் 26-க்குப் பிறகு பல மாதம் ஓய்ந்திருந்தது, 2025 ஜனவரி இறுதியில் மறுபடி தலைகாட்டியது. அந்த ஆண்டுகளைத் தாங்கிய டிஸ்க்குகள்தான் இன்று பல வீடுகளில் ஓடுகின்றன.

மின்சாரம் சட்டென்று நிற்கும்போது, இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அந்தக் கொஞ்ச நேர மின்சாரத்தில் தலைகள் அவசரமாக ஒதுங்கிக்கொள்ளும். முறையாக அணைக்கும்போது நடப்பதைவிட இது முரட்டுத்தனமானது. பல டிஸ்க்குகளில் சி0 என்ற வரி இந்த அவசர ஒதுங்கல்களை எண்ணி வைத்திருக்கும். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மட்டும் டிஸ்க் கெட்டது என்று பொருளில்லை; ஆனால் 05, சி5 ஆகியவற்றை அடிக்கடி பார்க்க வேண்டிய டிஸ்க் அது.

பெரும்பாலும் மந்தத்துக்குக் காரணம் இதைவிடச் சாதாரணமானது. மின்சாரம் திரும்பியதும் விண்டோஸ் பாதியில் நின்ற அப்டேட்டைத் தொடரும், தேடல் அட்டவணையைச் சரிபார்க்கும், வைரஸ் தடுப்பு மென்பொருள் விட்ட சோதனையை மறுபடி தொடங்கும். மூன்றும் ஒரே டிஸ்க்கில் ஒரே நேரத்தில். பழைய கணினியில் இவை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வீட்டாரோ மாலையில் முக்கால் மணி நேரம் திறந்து, மின்னஞ்சல் பார்த்து, "இது உருப்படாது" என்று அணைத்துவிடுவார்கள். மறுநாளும் அதே வேலைகள் முதலிலிருந்து. கணினி ஒருநாளும் அவற்றை முடித்ததே இல்லை! மின்வெட்டு அறிவிக்கப்படாத ஓர் இரவு, உறக்க நிலையை நிறுத்திவிட்டு, கணினியை விடியும்வரை ஓடவிடுங்கள். அதிகச் செலவில்லாத இந்த வைத்தியத்தைத்தான் மக்கள் கடைசியாக நம்புகிறார்கள்.

அதற்குப் பிறகும் தயங்கினால், ஸ்மார்ட் பதிவு சுத்தமாக இருந்தால் மட்டும், சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்', 'டூல்ஸ்', 'செக்' என்று போய்க் கோப்பு அமைப்பைச் சோதியுங்கள். விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் மாற்றங்களைப் பதிவேட்டில் எழுதி வைத்துத் தன்னைத் தானே ஓரளவு சீர்செய்துகொள்ளும். ஆனால் அது காப்பது கோப்புகளின் அட்டவணையை. எழுதிக்கொண்டிருந்த கோப்பின் உள்ளடக்கத்துக்கு அது பொறுப்பல்ல.

இனிமேலைக்கு: வெட்டு வருமுன் அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் உருவி வையுங்கள். திரும்பிய உடனே போடாமல் சில நிமிடங்கள் கழித்துப் போடுங்கள்; மின்னழுத்தம் நிலைபெறும் முதல் சில நொடிகளே மோசம். மின்னெழுச்சித் தடுப்புப் பிளக் ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று எண்ண வேண்டாம். அதன் உள்ளிருக்கும் உறுப்பு ஒவ்வோர் எழுச்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். காவல் விளக்கு அணைந்தால் அது வெறும் பிளக்தான். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடை மாலை இடியும் சேர்ந்துகொள்கிறது, அவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

டிஸ்க்கின் சுழல் சத்தம் தணிந்து மறுபடி ஏறுகிறதா? அப்படியானால் டிஸ்க்கை விட்டுவிட்டு மின்வழங்கிப் பெட்டியைச் சந்தேகியுங்கள். பழைய பெட்டிகளில் கெபாசிட்டர்கள் உப்பி, 12 வோல்ட் தடம் தளர்ந்துவிடும். வேறொரு பெட்டியை மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், ஆனால் வேகம் ஒரு மெகாபைட்கூட இல்லை

இதைப் பார்த்துப் பலரும் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். ஸ்மார்ட் பதிவு சுத்தமாக இருந்தால் டிஸ்க் கெடவில்லை. அதன் இயல்பே அதுதான். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் தட்டில் வேண்டிய இடம் தலைக்கடியில் வரச் சராசரியாக 4.2 மில்லி வினாடி. தலை அந்தத் தடத்துக்கு நகரச் சுமார் 9 மில்லி வினாடி. ஆக வினாடிக்கு 75 தாவல்கள்தான். ஒவ்வொரு தாவலிலும் 4 கிலோபைட் எடுத்தால் வினாடிக்கு 300 கிலோபைட். அதே டிஸ்க் ஒரு பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது 100 மெகாபைட்டுக்கு மேல் தரும். பூசைச் சாமானை மொத்தமாக வாங்காமல், தேங்காய்க்கு ஒரு நடை, பூவுக்கு ஒரு நடை, கற்பூரத்துக்கு ஒரு நடை என்று கடைக்கு அலைவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. மடிக்கணினிகளில் வரும் 5,400 சுற்று டிஸ்க் இன்னும் மெதுவாக நடக்கும்.

எனவே கேள்வி, யார் இத்தனை நடை அனுப்புகிறார்கள் என்பது. ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து 'டிஸ்க்' பக்கத்தில், மொத்தப் பைட் வரிசைப்படி பட்டியலிட்டால் குற்றவாளி மேலே வருவார்.

பேஜ்ஃபைல், அதாவது ரேமில் இடமில்லாததை விண்டோஸ் வைக்கும் கோப்பு, மேலே இருந்தால் நோய் டிஸ்க்கில் இல்லை, ரேமில் இருக்கிறது. 2 அல்லது 4 ஜிகாபைட் ரேமில் விண்டோஸ் 10-உம் பத்துப் பக்கங்கள் திறந்த பிரவுசரும் ஓடினால், இடமில்லாததை டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்க வேண்டியதுதான். டாஸ்க் மேனேஜரில் நினைவகம் 90 சதவீதத்தைச் சுற்றியே நின்றால் ரேமை 8 ஆக்குங்கள். பழைய கணினிகள் பலவற்றுக்கான டிடிஆர்3 வகை ரேம் இன்னும் எளிதாகக் கிடைக்கிறது.

வைரஸ் தடுப்பு மேலே இருந்தால், இரண்டு நிறுவப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். கணினி வாங்கும்போது வந்த சோதனைப் பதிப்பு ஒன்று, மகன் போட்டது ஒன்று என்று இரண்டும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டிருக்கும். ஒன்றை முழுமையாக நீக்குங்கள். சிஸ்மெய்ன் மேலே இருந்தால் சில நிமிடங்கள் பொறுங்கள். அது அடிக்கடி பயன்படுத்தும் நிரல்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றுகிறது. ரேம் குறைந்த கணினியில் அதை நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை. பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

டிஸ்க் நிரம்பி வழிந்தால், அதாவது காலியிடம் 15 சதவீதத்துக்குக் கீழே போனால், புதுக் கோப்புகள் துண்டு துண்டாகத்தான் எழுதப்படும். அவை தட்டின் உள் வட்டத்தில் விழும். அங்கே வேகம் வெளி வட்டத்தின் பாதிதான். தேவையற்றதை நீக்கி, நகலும் ஸ்மார்ட்டும் உறுதியான பிறகு, அதே 'டூல்ஸ்' பக்கத்தில் 'ஆப்டிமைஸ்' கொடுங்கள். டிஃப்ராக் தன் பங்குக்கு உதவும் இடம் இதுதான். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கு அது வேண்டாம்.

அறிகுறி: சி7 ஏறுகிறது

டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் பழைய சாட்டா கேபிளை எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். கடற்கரை ஒட்டிய வீடுகளில், ஐசிப்பிங்கோ போன்ற இடங்களில், உப்புக் காற்று இணைப்பு முனைகளைக் கறுக்கச் செய்யும். அதனால் கேபிளைச் சில முறை கழற்றி மாட்டினாலே சில கணினிகள் தேறிவிடும். பழைய எண்ணிக்கை பூஜ்யமாகாது, மேலும் ஏறாமல் இருந்தால் போதும்.

அறிகுறி: எக்ஸ்பி கணினி, பாடல் திக்குகிறது, மவுஸ் துள்ளுகிறது, எல்லாமே ஊர்கிறது

இன்னும் எக்ஸ்பியில் கோயில் ரசீது அடிக்கும் கணினிகள் உண்டு. சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ வகை டிஸ்க்கில் பிழைகள் குவிந்தால் எக்ஸ்பி தானாகவே, பிராசசரை அலைக்காமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ முறையைக் கைவிட்டு, பிராசசர் ஒவ்வொரு துணுக்கையும் தானே சுமக்கும் பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். தானாக ஏறி வராது. டிவைஸ் மேனேஜரில் முதன்மை ஐடிஇ சேனலின் மேம்பட்ட அமைப்புகளில் பிஐஓ என்று இருந்தால், அந்தச் சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். சில நாளில் மறுபடி இறங்கினால் கேபிளையும் டிஸ்க்கையும் பாருங்கள்.

அறிகுறி: புது ஹார்ட் டிஸ்க் போட்டும் எழுதுவது மந்தம்

2011 முதல் வந்த டிஸ்க்குகள் பெரும்பாலும் உள்ளே 4 கிலோபைட் செக்டர்கள் கொண்டவை. எக்ஸ்பி டிஸ்க்கைப் பிரித்து உருவாக்கும் பகுதி (பார்ட்டிஷன்) 63-ஆம் செக்டரில் தொடங்கும். அது 4 கிலோபைட் எல்லையோடு ஒட்டாது, ஒவ்வொரு முறை எழுதும்போதும் இரண்டு செக்டர்களைத் தொட வேண்டியிருக்கும். பழைய டிஸ்க்கிலிருந்து அப்படியே நகலெடுத்தாலும் இந்தக் கோணல் கூடவே வரும். விண்டோஸ் 7-இலோ அதற்குப் பிந்தையதிலோ பகுதியைப் புதிதாக உருவாக்கினால் நேராகிவிடும்.

நகலெடுக்கும்போது முதல் சில ஜிகாபைட் பறந்து பிறகு படுத்துவிடுகிறதா? அது ஒன்றன்மேல் ஒன்று தடங்களை அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருக்கலாம். பழுதல்ல. விலை குறைந்ததற்கு அதுதான் காரணம். வெளி டிஸ்க் எப்போதுமே 30 மெகாபைட்டைத் தாண்டவில்லையென்றால் அதை யுஎஸ்பி 2 துளையில் மாட்டியிருக்கிறீர்கள். நீலத் துளையைத் தேடுங்கள்.

அறிகுறி: சும்மா விட்டுத் திரும்பினால் முதல் கிளிக்குக்குப் பல வினாடி

டிஸ்க் தூங்கியிருக்கிறது. மின்சார அமைப்பில் ஹார்ட் டிஸ்க் அணையும் நேரம் 20 நிமிடமாக இருக்கும். கூட்டுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: தண்ணீர் புகுந்த கணினி

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் பலருக்கு இது வந்தது. நனைந்த டிஸ்க்கைக் காயவைத்து மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குக் காற்றழுத்தம் சமனாக ஒரு மூச்சுத் துளை உண்டு. அதன் வழியே ஈரம் உள்ளே போயிருந்தால் முதல் சுழற்சியிலேயே தலை தட்டில் ஒட்டிவிடும். நேராக மீட்பு நிபுணரிடம் போக வேண்டியது.

ஒன்றும் தவறில்லை, ஆனாலும் மந்தம் என்றால்

ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். பழைய சாட்டா துளையிலும் அது வேலை செய்யும். 2009-ஐ ஒட்டி வந்த கணினிகளின் சாட்டா 2 வினாடிக்கு 300 மெகாபைட்டைத் தாண்டாதுதான், எஸ்எஸ்டி 500-க்கு மேல் தரக்கூடியது. அந்த இழப்பு உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் வினாடிக்கு 75 தாவல்களுக்குப் பதிலாக நீங்கள் பெறுவது ஆயிரக்கணக்கான தாவல்களை. நல்ல ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நகலெடுத்துக்கொள்ளலாம். கெட்டதிலிருந்து எடுத்தால் அதன் பிழைகளும் வரும், புதிதாக நிறுவுவதே மேல்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதையும் கணக்கில் எடுங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசரும் பழைய கணினியில் இருக்காது. இணையம், கடிதம், படங்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு 4 ஜிகாபைட் ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும், தமிழில் தட்டச்சும் செய்யலாம். கோயில் கணக்குக்கென்று விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் இருந்தால் மட்டும் மாற்றுமுன் யோசியுங்கள்.

கழற்றிய டிஸ்க்கைச் சில மாதம் தேதி எழுதி அலமாரியில் வைத்திருங்கள். விட்டுப்போன கோப்பு ஒன்று நிச்சயம் நினைவுக்கு வரும். பிறகு கொடுத்துவிடுவதானால், அடையாள எண்ணும் வங்கிக் கணக்கும் அதில் இருப்பதால், 'குவிக்' என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ் அப்போது டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும். ஓடாத டிஸ்க்கில் துளை போடுபவர்கள் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், மடிக்கணினி டிஸ்க்கின் தட்டு கண்ணாடியால் ஆனதாக இருக்கலாம், சிதறும். குப்பைப் பையில் போட வேண்டாம். 2021 ஆகஸ்ட் முதல் மின்னணுக் கழிவைக் குப்பை மேட்டில் கொட்டத் தென்னாப்பிரிக்காவில் தடை இருக்கிறது, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.